கருவில் கண்ட பஞ்சம், முதுமையில் வரும் நோய்: நெதர்லாந்து ஆய்வுகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: தாயின் வயிற்றில் இருந்தபோது சில மாதங்கள் அனுபவித்த பட்டினி, அரை நூற்றாண்டு கழித்து நீரிழிவாகவும் இதய நோயாகவும் தலைகாட்டுமா? அத்தகைய தொடர்பு உண்டு என்பதற்கான வலுவான சான்றுகள், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியை வாட்டிய பஞ்சத்திலிருந்து கிடைத்துள்ளன.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது, அவற்றுக்கு ஆதரவாக டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மனி, பதிலடியாக உணவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. பின்னர் தடை ஓரளவு தளர்த்தப்பட்டபோதும் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து, படகுகள் நகர முடியாமல் நின்றன. ஆம்ஸ்டர்டாமில் பெரியவர் ஒருவருக்கான பங்கீட்டு உணவு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே சென்றது. அடுத்து வந்த மாதங்களில் 400 முதல் 800 கலோரி வரையே கிடைத்தது. டூலிப் மலர்ச் செடியின் கிழங்குகளைக்கூட மக்கள் வேகவைத்து உண்டனர். 1945 மே மாதம் நாடு விடுதலை அடைவதற்குள் 20,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உலகம் இதைவிடக் கொடிய பஞ்சங்களைக் கண்டுள்ளது. ஆனால் அவை பெரும்பாலும் மெல்லத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, பதிவேடுகளையும் அழித்துவிட்டுச் சென்றவை. நெதர்லாந்துப் பஞ்சத்துக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்தன. அதற்கு முன்பும் பின்பும் மக்களுக்கு ஓரளவு போதிய உணவு கிடைத்தது. மருத்துவமனைகள் பிரசவக் குறிப்புகளை முறையாகப் பாதுகாத்திருந்தன. எனவே ஒருவர் பிறந்த தேதியை வைத்தே, கருவின் எந்த மாதத்தில் அவரைப் பஞ்சம் தீண்டியது என்று கணக்கிட முடிந்தது.

பிறப்பு எடை மறைத்த உண்மை

ராணுவத் தேர்வுக்கு வந்த 19 வயது இளைஞர்கள் சுமார் 3 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1976-இல் வெளியானது. கருவின் முற்பாதியில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் உடல் பருமன் அதிகமாகவும், கடைசி மாதங்களிலும் பிறந்த உடனேயும் ஆளானவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. ஒரே பசி, அது நேர்ந்த காலத்தைப் பொறுத்து எதிரெதிர் விளைவுகளைத் தந்திருந்தது.

பின்னர், ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனையில் அந்த ஆண்டுகளில் பிறந்த 2,414 பேரைக் கொண்ட குழுவை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். கருவின் இறுதி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்திருந்தன. இது எதிர்பார்த்ததே. முதல் மூன்று மாதங்களில் சந்தித்தவர்களின் கதை வேறு. விடுதலைக்குப் பின் தாய்மார்களுக்கு உணவு கிடைத்ததால், இக்குழந்தைகள் இயல்பான எடையுடன் பிறந்தன. எடை பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. ஆனால் 50 வயதை ஒட்டி, இதய நாள நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது இவர்களிடம்தான். கருவின் நடுப்பகுதியில் பாதிக்கப்பட்டவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியும் மூச்சுக்குழாய் நோயும் கூடுதலாக இருந்தன. எந்த உறுப்பு உருவாகும் வேளையில் ஊட்டம் குறைகிறதோ, அந்த உறுப்பே விலை கொடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறனோ, எந்தக் கட்டத்தில் பாதிக்கப்பட்டிருந்தாலும் குறைந்திருந்தது.

இதன் பொருள் ஆபத்து கூடுகிறது என்பது மட்டுமே. கருவில் பஞ்சத்தைக் கண்ட அனைவரும் நோயாளிகளாகிவிடவில்லை.

மரபணுவின் மேல் பதிந்த குறி

பசி மரபணுவின் எழுத்துகளை மாற்றுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த, டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்னும் வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். கருவின் தொடக்கத்தில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம், வளர்ச்சியுடன் தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில் இக்குறிகள், பஞ்சத்தைக் காணாத உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன. அதாவது, 60 ஆண்டுகள் கழித்தும் அந்த வேறுபாடு அழியவில்லை என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே குறிகளைக் கொண்டு உடல் முதுமையடையும் வேகத்தைக் கணித்த மற்றோர் ஆய்வு 2024-இல் வெளியானது. அதில் 951 பேரின் ரத்த மாதிரிகள் ஆராயப்பட்டன. கருவில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களின் உடல் சற்று வேகமாக மூப்படைவதாகவும், இவ்வேறுபாடு பெண்களிடம் கூடுதலாக இருப்பதாகவும் தெரியவந்தது.

எல்லாப் பஞ்சங்களும் ஒரே முடிவைத் தரவில்லை. 1941 முதல் 1944 வரை முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடில் பிறந்தவர்களிடம் சர்க்கரை அளவில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அங்கு பிறப்புக்குப் பின்னும் பற்றாக்குறை நீடித்தது. பசிக்கெனத் தயாரான உடல் திடீரென நிறைவான உணவைச் சந்திக்கும்போதே சிக்கல் எழுகிறது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. மறுபுறம், 1932-33 பஞ்சத்தின்போது உக்ரைனில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கருவின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

பஞ்சமும் நாள்பட்ட ஊட்டச்சத்துக் குறைபாடும் ஒன்றல்ல. எனினும், மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் 1993-இல் புனே அருகிலுள்ள கிராமங்களில் தொடங்கிய ஆய்வு கவனத்துக்குரியது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ மட்டுமே. இங்கிலாந்துக் குழந்தைகளுடன் ஒப்பிடுகையில் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் இந்த உடல்வாகை, இந்தியர்களின் நீரிழிவுப் போக்குடன் ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கின்றனர்.

நெதர்லாந்து ஆய்வுகள் சுட்டும் முதல் மூன்று மாதங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தாமதமாகத்தான் தெரியவரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அந்த மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார்கள் 70 சதவீதம். 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது.