உங்களுக்குத் தெரியுமா? இ.எஸ்.ஆர். இறங்கினாலும் ஆபத்து!

குழந்தைகளின் மூட்டழற்சியாக 1897-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் விவரித்த நோய், பெரியவர்களையும் விடுவதில்லை. 1971-இல் எரிக் பைவாட்டர்ஸ் அப்படிப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார்.

பெரும்பாலும் மாலையில் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கூடவே இளஞ்சிவப்புத் தடிப்பு. காய்ச்சல் தணிந்தால் அதுவும் மாயம். மறுநாள் காலை டாக்டரிடம் காட்ட ஒன்றும் இருக்காது!

அரிதாகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வரும், கல்லீரல் செயலிழக்கும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது, நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டுமீறி, சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை. ஆரோக்கியமானவர்களிடம் மில்லிலிட்டருக்குச் சில நூறு நானோகிராமைத் தாண்டாத ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), அப்போது 10,000-ஐயும் கடக்கலாம். அழற்சியில் ஏறவேண்டிய இ.எஸ்.ஆரோ (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) திடீரெனச் சரியும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் புரதம் தீர்ந்துபோவதே காரணம். காய்ச்சல் விடாத நோயாளிக்கு இ.எஸ்.ஆர். ‘நார்மல்’ ஆனால், டாக்டர்கள் ஸ்டீராய்டு ஊசிக்குத் தயாராகிறார்கள்.