சாக்கெட் பயில்வோருக்குச் சில வார்த்தைகள்

கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு மறுகணமே பதிலை எதிர்பார்க்கும் நமக்கு, இடையில் நடைபெறும் காரியங்களைப் பற்றிச் சிந்திக்க அவசியமும் நேர்வதில்லை, அவகாசமும் கிடைப்பதில்லை. ஆனால் நிரல் எழுதப் பயிலும் ஒருவர், ஆயத்தமாகக் கிடைக்கும் சௌகரியங்களைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கணினிகள் எவ்வாறு சம்பாஷிக்கின்றன என்பதைத் தம் கையாலேயே செய்து பார்க்க விரும்பினால், அவர் பரிச்சயம் செய்துகொள்ள வேண்டியது சாக்கெட் என்னும் ஏற்பாட்டை.

இந்த ஏற்பாடு சற்றுப் பழமையானது. வின்ட் செர்ஃப், பாப் கான் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் உருக்கொண்ட டிசிபி என்ற விதிமுறை, பல திருத்தங்களுக்குப் பின், அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலைப்பின்னலில் 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலை வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில், அவ்விதிமுறையைச் சாதாரண நிரலாளரும் பிரயோகிக்கத்தக்க வண்ணம் சில கட்டளைகள் அமைந்தன. லினக்ஸிலும் விண்டோஸிலும் இன்று நாம் காண்பவை பெரும்பாலும் அவற்றின் சந்ததியே.

கட்டளைகளின் கிரமம் எளிது. கோரிக்கைக்காகக் காத்திருக்கும் நிரலான சர்வர், முதலில் 'சாக்கெட்' என்ற கட்டளையால் இயங்குதளத்திடம் ஓர் எண்ணைப் பெறுகிறது. கோப்பைத் திறக்கும்போது யூனிக்ஸ் அளிக்கும் எண்ணும் இதே வகையைச் சேர்ந்ததே. 0, 1, 2 ஆகிய மூன்றும் முன்னமே ஒதுக்கப்பட்டிருப்பதால் நமக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். பின்பு 'பைண்ட்' அந்த எண்ணோடு முகவரியையும் போர்ட்டையும் பிணைக்கிறது. போர்ட் என்பது 65535 வரை செல்லும் ஓர் இலக்கம். 'லிசன்' காத்திருக்கத் தொடங்குகிறது. மறுபுறத்திலிருந்து கிளையன்ட் 'கனெக்ட்' செய்ததும், 'அக்செப்ட்' அந்த ஒரு தொடர்புக்கென்றே புதிய சாக்கெட் ஒன்றைத் தருகிறது. பழைய சாக்கெட்டோ அடுத்து வருவோருக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டின் பேதத்தை உணராமல் மயங்குவது ஆரம்ப மாணவர்க்கு இயல்பு.

அடுத்த மயக்கம் பைட்டுகளின் வரிசையைப் பற்றியது. நம் மேஜைக் கணினிகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கின்றன. வலைப்பின்னலோ பெரிய பகுதியை முதலில் எதிர்பார்க்கிறது. 8080 என்ற போர்ட்டை உரிய மாற்றம் செய்யாமல் அப்படியே கொடுத்தால், 31-உம் 144-உமாகிய அதன் இரு பைட்டுகள் இடம் மாறி, நிரல் எவ்விதப் புகாரும் சொல்லாமல் 36895 என்ற போர்ட்டில் போய் அமர்ந்துவிடும்.

இவையெல்லாம் ஒரு முறை கற்றால் தீரும் சங்கடங்கள். தீர்க்கமாகச் சிந்திக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. தொடர்பு அறுபடாதவரை, அனுப்பிய பைட்டுகள் விட்டுப்போகாமலும் வரிசை பிறழாமலும் வந்து சேரும் என்று டிசிபி வாக்களிக்கிறது; அவை எத்தனை கூறுகளாக வந்து சேரும் என்பதைப் பற்றி மட்டும் அது வாக்கே கொடுக்கவில்லை. வாய்க்காலின் தலைப்பில் இரண்டு குடம் நீர் ஊற்றினால், கடைமடையில் நிற்பவர் எது முதற்குடம், எது இரண்டாம் குடம் என்று பிரித்தறிய முடியாதல்லவா? அவ்வாறே, இருமுறை 'சென்ட்' செய்தது ஒரே 'ரிசீவ்' கட்டளையில் சேர்ந்து வரலாம். ஒருமுறை அனுப்பியது பல துண்டுகளாகவும் வரலாம். 'வணக்கம்' என்ற சொல், வழக்கமான யூடிஎஃப்-8 முறையில், புள்ளிகளும் தனித்தனியே கணக்கில் சேர்வதால், 21 பைட்டுகள் கொண்டது; முதல் துண்டில் 20 மட்டுமே வந்து, நிரலும் அவ்வளவோடு திருப்தியடைந்துவிட்டால், இறுதி மெய் தன் புள்ளியை இழந்து நிற்கும்.

விபரீதம் என்னவெனில், ஒரே கணினிக்குள் 127.0.0.1 என்ற முகவரியில் சோதிக்கும்போது சிறு செய்திகள் அநேகமாக முழுமையாகவே வந்துவிடுகின்றன. மாணவர் தம் நிரல் சரியென்று நிச்சயிக்கிறார். பிறகு செய்தி நீண்டு, வழக்கமான ஈதர்நெட் பொட்டலம் ஏற்கும் 1500 பைட்டு எல்லையையும் மீறி, வெளி வலைப்பின்னலில் பயணப்படும்போது குற்றம் வெளிப்படுகிறது. ஆகையால் செய்தியின் எல்லையை வகுப்பது நிரலாளரின் கடமையாகிறது: தொடக்கத்தில் நீளத்தைக் குறிப்பிடலாம், அல்லது மின்னஞ்சல் விதிமுறையைப் போல வரியின் முடிவை அடையாளமாகக் கொள்ளலாம். எந்த முறையாயினும், குறித்த அளவு நிறையும்வரை மீண்டும் மீண்டும் பெற்றுச் சேர்க்கும் ஒரு சுழற்சி அவசியம். 'ரிசீவ்' பூஜ்யத்தைத் திருப்பினால், மறுபுறத்தார் அனுப்புவதை முடித்துக்கொண்டார் என்று பொருள்.

இத்தனை சிரமத்தையும் மறைத்துவிடும் நூலகங்கள் தாராளமாகக் கிடைக்கையில் இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். கணினி எதை வாக்களித்தது, நாமாக எதை ஊகித்துக்கொண்டோம் என்று பகுத்துப் பார்க்கும் பழக்கம் இதனால் சித்திக்கிறது. பின்னாளில் எந்த நூலகத்தைக் கையாண்டாலும் அப்பழக்கமே துணை நிற்கும். தொடங்க விரும்புவோர், வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் எக்கோ சர்வர் ஒன்றை முதலில் எழுதட்டும். அடுத்து, செய்தியின் நீளத்தை முன்வைத்து அனுப்பும் முறையை அதில் சேர்க்கட்டும். பின்னர் அனுப்பும் நிரலை வேண்டுமென்றே ஒவ்வொரு பைட்டாக, இடைவெளி விட்டு, அனுப்பச் செய்து சோதிக்கட்டும். அப்போதும் விடை மாறாமல் வந்தால்தான் அந்நிரல் தேறியது என்று கொள்ளலாம்.