40 மணித்தியாலமும் ஒரு காசேடும்

ஒன்ராறியோவில் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு மாணவர்கள் 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். 1999இல் வந்த விதி இது. 9ஆம் தரத்துக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். வீட்டு வேலை இதில் சேராது. ஆனாலும் நம்மில் பலர் 12ஆம் தரம் முடிகிற நேரத்தில்தான் படிவத்தைத் தேடுகிறோம். தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்பேற்றிய பெற்றோர்களில் நாங்களும் அடக்கம். மூத்தவனுக்கு அப்படித்தான் செய்தோம். வணிகமாணிப் பட்டம் பெற்று, ஊர்க்கணக்கெல்லாம் பார்க்கிற நாங்கள், பிள்ளைக்குப் பொய்க்கணக்கு எழுதப் பழக்கினோம்.

2025 வசந்தத்தில் எங்கள் அயலில் நான்கு பிள்ளைகள் உணவு வங்கிக்குக் காசு சேர்க்க ரோல்ஸ் விற்றார்கள். 200 செய்து, ஒன்று 2 டொலர்படி 178 விற்றிருந்தது. "356 டொலர் உழைச்சிட்டம் மாமா" என்று ஓடி வந்தார்கள். ஒரு கொப்பியை எடுத்துக் காசேடு போல இரண்டாகக் கோடு கிழித்துக் கொடுத்தோம்.

இறைச்சி, கிழங்கு, மா, முட்டைக்கு 118 டொலர். எண்ணெய்க்கும் பெட்டிக்கும் 26. மிச்சம் 212. முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, உருட்டியதும் பொரித்ததும் யார் என்று கேட்டோம். இரண்டு அம்மாமார், ஆளுக்கு 6 மணித்தியாலம். அப்போதைய ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.20 டொலர். 12 மணித்தியாலத்துக்கு 206 டொலர் 40 சதம். கழித்தால் மிஞ்சுவது 5 டொலர் 60 சதம்.

"அப்ப நாங்கள் செய்தது என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

அம்மாமார் சம்பளம் கேட்கவில்லை; 212 டொலரும் உணவு வங்கிக்கே போனது. ஆனால் அதில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் யார் என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது. முயற்சியாண்மை என்று பாடப்புத்தகத்தில் படிப்பதன் அடிப்படை இதுதான்: அடக்கவிலை தெரிய வேண்டும், கூலியில்லாத உழைப்பும் உழைப்பென்று தெரிய வேண்டும். நம் கடைகள் பல மனைவியின் உழைப்பைக் கணக்கில் எழுதாமலே இலாபம் காட்டியவை.

மாணவர்களைக் கொண்டு நிறுவனம் நடத்திப் பழக்குவது புதிதல்ல. 1919இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பில், மாணவர்கள் பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் செய்து விற்று, முடிவில் கணக்கை மூடி நிறுவனத்தைக் கலைப்பார்கள். அந்தக் கலைக்கிற பகுதிதான் எங்களுக்குப் பிடித்தது. நமது ஊர்ச் சங்கங்கள் சிலவற்றில் கணக்கு மூடப்படுவதேயில்லை. கேட்பவர் பகையாளி ஆகிவிடுகிறார். காசு கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது மரியாதை என்று 15 வயதில் பழகினால், 50 வயதில் கோபம் வராது.

இலையுதிர் காலத்தில் அதே பிள்ளைகள் மறுபடி விற்றார்கள். முன்கூட்டியே ஓடர் எடுத்து, விலையை 3 டொலர் ஆக்கி, தாங்களே உருட்டினார்கள். ரோல்ஸ் சில வெடித்துத்தான் இருந்தன. கொப்பியின் செலவுப் பக்கத்தில் கடைசி வரி, பிள்ளையின் கையெழுத்தில்: "அம்மா, அடுப்படி துப்புரவு, 1 மணித்தியாலம், 17.60."