ஒன்றுக்குப் பன்னிரண்டு

இரண்டடி உயரப் பேஸ்மட்டத்தில் சக்கர நாற்காலி ஏற எவ்வளவு நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும்? 24 அடி. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில், படிக்கட்டை ஒட்டி மிச்சமிருந்த எட்டடி இடத்தில் சிமென்ட்டைச் சரித்துப் பூசிவிட்டு, சாய்தளம் இருப்பதாகப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

அந்த எட்டடிச் சரிவில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆளும் நாற்காலியுமாக 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சரிவில் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 8 கிலோ எடைக்குச் சமம். பழகிய கைகள் அதைத் தள்ளி ஏறிவிடும். எட்டடியில் அமைந்த இந்த 1:4 சரிவில் அதுவே 24 கிலோ. கூடவே இன்னோர் ஆபத்தும் உண்டு. சரிவு கூடக் கூட, உட்கார்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தை நோக்கி நகர்கிறது. அதைத் தாண்டிவிட்டால் முன்சக்கரங்கள் எழும்பி, நாற்காலி மல்லாந்துவிடும். படியைப் பார்த்தால் ஏற முடியாது என்று தெரிந்து நின்றுவிடலாம். இந்தச் சரிவோ வா என்று அழைத்துக் கவிழ்க்கிறது.

இந்த 1:12 கணக்குக்கும் கல்லூரி வளாகத்துக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948இல் டிமோதி நியூஜென்ட் என்பவர் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். போரில் காயம்பட்ட வீரர்களும் அதில் படித்தார்கள். அங்கே நடந்த ஆய்வுகளின் அடிப்படையில்தான் 1961இல் மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்கான அந்நாட்டின் முதல் கட்டடத் தரவிதி வந்தது. 1:12 அதில் இடம்பெற்றது.

சாய்தளம் மட்டும் போதாது, பாதை முழுவதும் தடையின்றி இருக்க வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் கிளம்புமுன் பாதை முழுவதையும் பார்ப்பார்கள். பள்ளத்தை மூடுவார்கள், குறுக்கே போகும் மின்கம்பியைக் கழற்றுவார்கள். ஓரிடத்தில் இடறினாலும் தேர் நிலைக்கு வந்து சேராது. ஏனாத்தூர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, பச்சையப்பன் கல்லூரியோ, காரைப்பேட்டைப் பொறியியல் கல்லூரியோ, எந்த வளாகத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி வகுப்பு, ஆய்வுக்கூடம், நூலகம், கழிப்பறை வரை ஒரே பாதையாக. குழித்தறியில் மிதி மிதித்து முழங்கால் தேய்ந்த தகப்பனாரும் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு இந்தப் பாதையில்தான் வருவார்.

பாதை பெரும்பாலும் அறுந்துபோவது கழிப்பறையில். நாற்காலி திரும்ப உள்ளே ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். இரண்டும் சரியாக இருந்தும், துடைப்பமும் உடைந்த மேசையும் போட்டுப் பூட்டிய அறையாக அது இருந்தால் என்ன பயன்? கல்லூரி முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளும் பிள்ளைகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சக்கரங்களோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. பளபளக்கும் கிரானைட் படிகளில் ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பார்வை குறைந்தவருக்குத் தெரியாது. ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒட்டினால் தெரியும். வெறும் கான்கிரீட் வகுப்பறையில் ஆசிரியரின் குரல் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தால், காதுக்கருவி குரலோடு இரைச்சலையும் பெருக்கிக் கொடுக்கும். திரைச்சீலையும் மென்பலகையும் அந்த எதிரொலியைக் குறைக்கும். பின்வரிசை மாணவர்களுக்கும் பாடம் தெளிவாகக் கேட்கும்.

சட்டம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க அது தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனில் முடிந்தது. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. இடம் கொடுத்துவிட்டு வாசலில் நிறுத்துவது இடம் மறுப்பதுதான் என்பேன்.

கட்டடவியல் மாணவர்கள் தங்கள் வளாகப் பாதையை அளக்கும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். ஓர் அளவு நாடா, சரிவைக் காட்டும் செல்போன் செயலி, கூடவே நாற்காலியில் வரும் வகுப்புத் தோழர் ஒருவர், வெண்கோலோடு நடப்பவர் ஒருவர். பேருந்து நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, சரிவு, கதவின் அகலம், கைப்பிடியின் உயரம் என்று ஒவ்வொன்றாய் அளந்து, எங்கெங்கே நின்றுபோனோம் என்று வரைபடத்தில் சிவப்பில் குறித்து முதல்வரின் மேசையில் வையுங்கள். பட்டை ஒட்டுவது, கதவைத் திருப்பி மாட்டுவது, பூட்டைத் திறந்துவிடுவது எல்லாம் ஒரு வாரத்து வேலை. 24 அடிச் சாய்தளத்துக்கு மட்டும் அடுத்த ஆண்டு வரவுசெலவில் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.