குழந்தையின் வேலையும் ஊரின் வேலையும்

மாண்டிசோரி முறையில் இயங்கும் ஒரு பள்ளியைப் பற்றிப் பேசும்போது வகுப்பறை, ஆசிரியர் பயிற்சி, பெற்றோரும் ஊராரும் கூடும் நிகழ்ச்சி, மாணவர் செய்யும் தொண்டு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, முதலாவதை மட்டும் கல்வி என்றும் மற்றவற்றைக் கல்விக்குப் புறம்பான ஏற்பாடுகள் என்றும் கருதும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அம்முறை பிறந்த சூழலையும், 1939 முதல் தமிழ் மண்ணில் அது பெற்ற வளர்ச்சியையும் கூர்ந்து நோக்குவோருக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது என்பது விரைவில் புலப்படும். திருத்தணியைக் களமாகக் கொண்ட இத்தொடரின் இப்பகுதி, அவ்வூருக்கும் அம்முறைக்கும் இடையிலான தொடர்பை அடையாற்றின் வழியாகவும் பழைய சித்தூர் மாவட்டத்தின் வழியாகவும் தேடிச் செல்கிறது.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கினார். உழைப்பாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் உள்ளேயே அது அமைந்திருந்தது என்பது, பிற்காலத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்ட முக்கியமான செய்தி. ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பதும், குழந்தையைத் தூய்மையாக அனுப்பிவைக்கும் பொறுப்பு தாயினுடையது என்பதும், வாரம் ஒருமுறையேனும் தாய் ஆசிரியையைச் சந்தித்துப் பிள்ளையின் நிலையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் அந்த இல்லத்தின் விதிகளாக இருந்தன. பள்ளியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இயங்கிய காரணத்தால், பெற்றோர் சந்திப்பு என்பது ஆண்டுக்கு இரண்டு நாள் நடக்கும் சடங்காக அங்கே இருக்கவில்லை.

அவ்வில்லத்தில் தொடங்கி இன்றுவரை அம்முறையின் நுழைவாயிலாக இருப்பவை ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள்’ எனப்படும் செயல்கள் ஆகும். மூன்று வயதுக் குழந்தை, தன் கைக்கு அடங்கும் இரண்டு சிறு குவளைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முதலில் அரிசியையும், கை பழகியபின் தண்ணீரையும் ஊற்றுகிறது. சிந்தினால் அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும் துணியை எடுத்துத் தானே துடைக்கிறது. யாரும் திட்டுவதில்லை, யாரும் பாராட்டுவதுமில்லை. சிந்திய நீரே பிழையைக் காட்டிவிடுவதால் ஆசிரியர் காட்ட வேண்டியதில்லை. கற்கும் பொருளே தவற்றை உணர்த்தும் இந்த அமைப்பைப் ‘பிழைக் கட்டுப்பாடு’ என்பர். பித்தளைச் சொம்பைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதும், பூத்தொடுப்பதும், பாய் சுருட்டுவதும், கீரை ஆய்வதும் தமிழ் வீடுகளில் இயல்பாக நடப்பவை என்பதால், ஐரோப்பாவிலிருந்து வந்ததாகக் கூறப்படும் இம்முறையின் முதல் படிக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி திருத்தணியின் சாதாரண அடுக்களையிலேயே கிடைத்துவிடும். விலை உயர்ந்த மரச்சாமான் இல்லாமல் மாண்டிசோரி இல்லை என்னும் எண்ணம் வணிகம் வளர்த்த எண்ணமாகவே தோன்றுகிறது.

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 69 வயதான மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் 1939 நவம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றில் நடந்த பயிற்சிக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் வந்து கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்ல, கேட்டவர்கள் தத்தம் மொழியில் அதை மனத்தில் மாற்றிக்கொண்டனர். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்துடன் வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மரியோ எதிரி நாட்டவராக அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாற்றுச் சபை வளாகத்தைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, அவருடைய எழுபதாவது பிறந்த நாள் பரிசாக, வைஸ்ராயின் ஆணையால் மகன் விடுவிக்கப்பட்டார். பகை நாட்டுக் குடிமகளாகக் காவலில் இருந்த ஒரு மூதாட்டியிடமிருந்து இந்தியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பெற்றது என்பது கல்வி வரலாற்றில் அடிக்கடி நிகழாத ஒன்று.

அப்பயிற்சியின் இயல்பு இங்கே சற்று விரிவாகக் கூறத்தக்கது. இன்றும் அந்த மரபில் பயில்வோர் ஒவ்வொரு கல்விக் கருவிக்கும் அதன் நோக்கம், எடுத்துக் காட்டும் முறை, எந்த வயதுக்கு உரியது, பிழை எவ்வாறு தெரியவரும் என்பவற்றைத் தம் கையால் எழுதிப் படமும் வரைந்து ‘ஆல்பம்’ எனப்படும் தடித்த ஏடுகளாகத் தொகுக்கின்றனர். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை எவ்வாறு பாயில் பரப்பி, எந்த விரல்களால் பற்றி, எவ்வளவு மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் காட்டுவது என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கின்றனர். எல்லாவற்றிலும் கடினமானது ‘உற்றுநோக்கல்’: வகுப்பின் ஓரத்தில் சிறிய நாற்காலியில் அமர்ந்து, பேசாமல், தலையிடாமல், ஒரு குழந்தை என்ன எடுத்தது, எத்தனை முறை செய்தது, எப்போது கவனம் கலைந்தது என்று பல மணி நேரம் குறித்துக்கொண்டே இருப்பது. எந்நேரமும் பேசுபவரே ஆசிரியர் என்று வளர்ந்த ஒருவருக்கு, வாயை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எத்தகைய தவம் என்பதைச் செய்து பார்த்தோரே அறிவர்.

இம்முறை தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளையும், விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் முதல் எழுத்தை எழுதும் பிள்ளையும், மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகளைத் தடவும் பிள்ளையும் விரல் வழியே எழுத்தை மனத்துக்கு ஏற்றுகின்றனர். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் மணல் எழுத்தையும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரப்பினார். மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் கலந்து இருப்பதும், ஐந்து வயதுப் பெண் மூன்று வயதுத் தம்பிக்குப் பித்தான் போடக் கற்றுத்தருவதும் அந்தப் பழைய திண்ணையை நினைவூட்டுகின்றன. ஆயினும் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது. இங்கே அது இல்லை என்னும் வேறுபாடு சிறியதன்று.

1942 முதல் 1944 வரை மாண்டிசோரி கொடைக்கானலில் தங்கியிருந்த காலமே தொண்டு பற்றிய அவருடைய சிந்தனைக்கு வடிவம் தந்தது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து பயின்ற ஒரு சிறு பள்ளியில், மரியோவும் இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னவும் உடனிருக்க, மலையையும் செடிகொடிகளையும் பிள்ளைகளோடு ஆராய்ந்த அனுபவத்திலிருந்து ‘பிரபஞ்சக் கல்வி’ என்னும் கருத்து வளர்ந்தது. உலகில் உள்ள ஒவ்வொன்றும் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும்போதே முழுமைக்கும் ஏதோ ஒரு பணியைச் செய்கிறது; கடலில் கரைந்து வரும் சுண்ணாம்பைப் பவளப்பூச்சி உடலாக்கிக்கொள்வதால் நீர் தூய்மை அடைவதும், மரம் தன் உணவைத் தயாரிக்கும்போதே மூச்சுக்கு உரிய காற்றை விடுவதும் அத்தகையன; மனிதனுக்கும் அப்படி ஒரு பணி உண்டு என்பது இக்கருத்தின் சாரம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இது கதைகளாகச் சொல்லப்படுகிறது. தான் உண்ணும் சோற்றுக்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது என்று அறிந்த பிள்ளைக்கு, பிறருக்குச் செய்வது இரக்கமாகத் தோன்றாமல் பட்ட கடனைத் திருப்பித் தருவதாகத் தோன்றும்.

இனித் திருத்தணிக்கு வரலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்ற திருத்தணி, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. அதுவரை இவ்வூரும் மதனப்பள்ளியும் ஒரே மாவட்டத்தின் இரு முனைகள். அந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையால் தோன்றிய ரிஷிவேலிப் பள்ளி, தன்னைச் சூழ்ந்த சிற்றூர்களுக்காக நடத்திய சிறு பள்ளிகளில், பத்மநாப ராவ், ரமா இணையர் பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் முறையை உருவாக்கினர். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் குழுக்களாகச் சென்று அதைக் கண்டு வந்தனர். எம்.பி.விஜயகுமார் என்னும் ஆட்சிப்பணி அலுவலரின் முயற்சியால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தொடங்கி, 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது. பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிய கரும்பலகை, தானே குறிக்கும் வருகைப் பதிவு, எந்த அட்டைக்குப்பின் எது என்று காட்டும் ஏணிப்படம், தரையில் பிள்ளைகளோடு அமரும் ஆசிரியர் என அதன் கூறுகள் பலவற்றில் மாண்டிசோரியின் சாயலை எளிதில் காணலாம். பழைய மாவட்டத்தின் மறுமுனையில் விளைந்த ஒன்று, எல்லை மாறி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் திருத்தணி வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிகளை வந்தடைந்தது.

செயல்வழிக் கற்றலின் பின்விளைவுகளில் கசப்பானதும் உண்டு. ஏணியும் அட்டையும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த வேகத்தில், அவற்றுக்கு உயிர் தரும் உற்றுநோக்கல் வந்து சேரவில்லை. ஓராண்டு நீளும் மாண்டிசோரிப் பயிற்சியையும், வட்டார வள மையத்திலோ குறுவள மையத்திலோ ஓரிரு நாளில் முடியும் பணியிடைப் பயிற்சியையும் ஒப்பிட்டால் இக்குறை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும். பயிற்சி என்ற பெயரில் படிவங்களை நிரப்பும் விதத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பும் ஆசிரியரைக் குறை கூறுவது அநீதி. குறுவள மையக் கூட்டத்தின் ஒரு பாதியை, அதே வளாகத்து ஒன்றாம் வகுப்பில் பேசாமல் அமர்ந்து ஒரு குழந்தையை மட்டும் கவனித்துக் குறிப்பெழுதுவதற்கும், மறு பாதியை அக்குறிப்புகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதற்கும் ஒதுக்கினால் கூடுதல் செலவு ஏதும் ஆகாது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணமான சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் ஊர் என்ற வகையில், இத்தகைய முயற்சியைத் தொடங்கும் உரிமை திருத்தணிக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

பெற்றோரும் ஊராரும் கூடும் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் உயர்ந்த வழக்கம் ஒன்று ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. மேசை, நாற்காலி, பீரோ, நோட்டுப் புத்தகம், குடம், மின்விசிறி முதலியவற்றைத் திருமணச் சீர்போலத் தாம்பாளங்களில் ஏந்தி, மேளதாளத்துடன் ஊர்வலமாக வந்து அரசுப் பள்ளிக்கு வழங்கும் ‘கல்விச்சீர்’ விழா பல சிற்றூர்களில் நடைபெறுகிறது. பள்ளியைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கருதி ஊர் சீர் செய்யும் இந்தக் கற்பனை வேறு எந்த நாட்டுக் கல்வி மரபுக்கும் எளிதில் வாய்க்காதது. ஆனால் சீர் கொடுத்தபின் வாசலோடு ஊர் திரும்பிவிடுகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தும், அக்குழுவின் பேச்சு பெரும்பாலும் கட்டடம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மாண்டிசோரிப் பள்ளிகளில் பெற்றோருக்கு வைக்கப்படும் அழைப்பு வேறு வகையானது: மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தாயோ தந்தையோ வேலை நாளில் வந்து, ஓரத்து நாற்காலியில் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து, தம் பிள்ளை வேலை செய்வதைப் பார்க்கின்றனர். வீட்டில் ஊட்டிவிட்டால்தான் உண்ணும் பிள்ளை, அங்கே தட்டைத் தானே கழுவித் துடைத்து அடுக்குவதைக் கண்ட தாய்க்கு எந்தச் சொற்பொழிவும் தேவைப்படுவதில்லை.

பெற்றோரையும் ஊராரையும் இவ்வாறு வகுப்புக்குள் அழைப்பதற்குத் திருத்தணியில் மொழி சார்ந்த ஒரு காரணமும் உண்டு. எல்லையோர ஊர் என்பதால் தமிழையும் தெலுங்கையும் வீட்டு மொழிகளாகக் கொண்ட குழந்தைகள் அருகருகே அமர்கின்றனர். வீட்டில் ‘நீள்ளு’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை பள்ளியில் ‘தண்ணீர்’ என்ற சொல்லைக் கற்கும்போது, இரண்டு சொல்லும் ஒரே குவளையிலிருந்தே ஊற்றப்படுகின்றன. பொருளைக் கையில் கொடுத்துப் பெயரைப் பின்னர் சொல்லும் மாண்டிசோரி முறை இத்தகைய பிள்ளைக்கு மிகவும் உகந்தது. பாட்டி ஒருத்தி வகுப்புக்கு வந்து தன் மொழியில் கதை சொல்வதற்கும் அங்கே இடம் இருக்கிறது.

தொண்டுத் திட்டங்களில் இன்று காணப்படும் பெருங்குறை, அவற்றைப் பெரியவர்கள் தீர்மானித்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதாகும். ஒரு நாள் ஒரு தெருவில் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டபின் அடுத்த ஆண்டு வரை அத்தெரு மறக்கப்படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு மாண்டிசோரி மரபு வகுத்துள்ள ‘வெளியே செல்லுதல்’ என்னும் பயிற்சியில், மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு குழு தனக்கு எழுந்த கேள்விக்கு விடை தேடிப் புறப்படுகிறது; யாரைச் சந்திப்பது, எப்போது போவது, பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தானே விசாரித்து முடிவு செய்கிறது; பெரியவர் ஒருவர் துணைக்கு மட்டும் செல்கிறார். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் நெசவாளரிடம் பாவு ஓடுவதைப் பார்ப்பதும், திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போய்ச் சேரும் வழியைத் தெரிந்துகொள்வதும், நந்தியாற்றில் எந்த மாதம் வரை நீர் நிற்கிறது என்று குறித்துவைப்பதும் திருத்தணிப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் உள்ளவை. அத்தகைய அறிவிலிருந்து கிளைக்கும் தொண்டுக்கு மட்டுமே தொடர்ச்சி இருக்கும்.

ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடி ஏந்திப் பல்லாயிரக்கணக்கானோர் திருத்தணி முருகன் மலைக்கு வருகின்றனர். ஆண்டு முடிவில் நடைபெறும் படித் திருவிழாவில், ஓர் ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளுக்கும் ஒவ்வொன்றாக மஞ்சள் குங்குமம் இட்டுச் சூடம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகின்றனர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே அவசரமில்லாத அந்த வழிபாட்டையும், வந்தவர் யார் எனக் கேளாமல் சோறிடும் அன்னதானத்தையும் பிறந்தது முதல் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குத் தொண்டு என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்து விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் ஒரு மேசையை ஒரு பள்ளியின் பிள்ளைகளிடம் முழுமையாக ஒப்படைக்கலாம்: எத்தனை பானை வேண்டும் என்று கணக்கிடுவது அவர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று விசாரிப்பது அவர்கள், பிளாஸ்டிக் குவளைக்கு மாற்றாக எதை வைப்பது, அதை யார் கழுவுவது என்று வாதிட்டு முடிவு செய்வதும் அவர்களே. காவடியை இறக்கிவைத்துவிட்டு வியர்வையோடு கை நீட்டும் முதியவருக்குப் பத்து வயதுப் பெண் ஒருத்தி பித்தளைச் சொம்பைச் சாய்த்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பி நிறுத்துவாள். மேசையில் ஒரு துளி சிந்தினால், யாரும் சொல்லாமல், இடக்கை தானாகத் துணியைத் தேடிச் செல்லும்.

(தொடரும்)