இருண்ட வீட்டிற்கு ஒரு சூரியப் பெட்டி

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன. தென்னையும் கூரையும் போன துயரத்தோடு, காவிரிக் கடைமடைச் சிற்றூர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் ஒக்கி குமரி மாவட்டத்தை வாட்டியது; 2011-இன் இறுதியில் தானே கடலூரைச் சூறையாடியது. கடலோரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு நீண்ட மின்தடை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து தங்கிப்போகும் அழையா விருந்தாளியாகிவிட்டது.

இவ்விருந்தாளியை எதிர்கொள்ள இப்போது கடைகளில் ஒரு பொருள் வந்துள்ளது. கைப்பிடி பொருத்திய பெட்டி ஒன்று. அதனோடு மடித்து வைக்கத்தக்க சூரியத் தகடு. 'சோலார் ஜெனரேட்டர்' என்பது அதற்கு வணிகர் இட்ட பெயர். "வாங்கலாமா, சாமி?" என்று பங்கு மக்கள் பலர் நம்மைக் கேட்கின்றனர். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள பொருளாதலால் சற்று ஆராய்ந்தே விடை கூற வேண்டும்.

பெயரே சற்று மயக்கம் தருவது. ஜெனரேட்டர் எனில் மின்சாரத்தை உண்டாக்குவது. இப்பெட்டியோ எதையும் உண்டாக்குவதில்லை; சேமித்து வைக்கிறது, அவ்வளவே. உள்ளே லித்தியம் மின்கலங்களும், அவற்றின் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கேற்றவாறு மாற்றித்தரும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. உண்டாக்கும் வேலை தகட்டினுடையது. ஆகவே பெட்டியை எண்ணெய்க் குப்பி என்று கொள்வதே பொருந்தும். பத்துக் கன்னியர் உவமையில் எண்ணெய் இரவு வருமுன்னரே கைவசம் இருந்திருக்க வேண்டும். இங்கும் அதே நியதிதான். புயல் நாளில் வானம் மூடிக்கிடக்கும். 100 வாட் என்று விற்கப்பட்ட தகடு அன்று அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தந்தால் பெரிது. எனவே எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, வீட்டு இணைப்பிலிருந்து பெட்டியை நிரப்பிவிட வேண்டும். சூரியன் துணைக்கு வருவது புயல் கடந்து வானம் வெளுத்த பிறகுதான்.

வெளுத்த வானத்திலும் 100 வாட் தகடு நண்பகலில் 70 வாட் அளவே தருவது வழக்கம். நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் வைத்தால் ஏறத்தாழ 350 வாட்-மணி கிட்டும். தகட்டின் சிறு கலங்கள் மாலைபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மற்றவற்றின் ஓட்டமும் தடைப்படும். டிசம்பர் மாதத்தில் தகட்டைத் தெற்கு நோக்கி நன்கு சாய்த்து வைப்பது நலம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கருவி இழுக்கும் அளவு வாட். பெட்டியிலுள்ள சேமிப்பு வாட்-மணி. 500 வாட்-மணிப் பெட்டியில் இழப்புப் போக 425 அளவே கைக்குக் கிட்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டும், மின்சாரம் குறைவாகக் கொள்ளும் புதுவகை மின்விசிறி ஒன்றும் சேர்ந்தால் 48 வாட் ஆகும். ஏறக்குறைய 9 மணி நேரம் ஓடும். ஓர் இரவு கழிந்துவிடும். அதே இடத்தில் 75 வாட் பழைய மின்விசிறி சுழன்றால், நாலரை மணி நேரத்தில், குழந்தைகள் அயர்ந்துறங்கும் நடு இரவில், எல்லாம் நின்றுபோகும். பெட்டியை வாங்குமுன் மின்விசிறியை மாற்றுவதே முறை என்போம். இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை மறந்துவிட வேண்டும். மோட்டார் ஓடத்தொடங்கும் கணத்தில் தன் வழக்கமான அளவைப்போல் பன்மடங்கு இழுக்கும். சிறு பெட்டி தானே அணைந்துகொள்ளும்.

நோயாளி உள்ள வீட்டில் இக்கணக்கு உயிரையே தொடுகிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கருவி 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். மேற்கண்ட பெட்டி அதனை ஒன்றேகால் மணி நேரமே தாங்கும். 'மருத்துவக் கருவிகளுக்கும் ஏற்றது' என்னும் விளம்பரச் சொல்லை நம்பி அவ்வீட்டார் உறங்கிவிடலாகாது. மருத்துவரைக் கலந்து, நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டரை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். புயல் வருமுன்னரே நோயாளியை மருத்துவமனைக்கு அருகில் கொண்டுசேர்ப்பது அதனினும் நன்று. ஆஸ்துமாவுக்குரிய நெபுலைசர் கருவிக்கோ இப்பெட்டி மிகவும் ஏற்றது. கால் மணி நேரப் பயனுக்கு 40 வாட்-மணி போதும். இன்சுலினுக்காகக் குளிர்சாதனப் பெட்டியை ஓட்டவும் வேண்டியதில்லை. மருந்தை நீர் புகாதவாறு மூடி, ஈர மணல் சூழ்ந்த மண்பானையில் நிழலில் வைத்தால் சில நாள் காக்கலாம்.

பெட்ரோல் ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே எனலாம். மழைக்கு அஞ்சி அதனைத் திண்ணையிலோ அறையிலோ வைத்து ஓட்டினால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரின் உயிரைக் குடித்துவிடும். சூரியப் பெட்டிக்குப் புகையில்லை, கட்டிலருகே வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். இருபுறமும் முனையுள்ள கம்பியைச் சுவர்ச் சொருகியில் செருகி, வீடு முழுவதற்கும் மின்சாரம் ஊட்டுவார் உளர். அது வெளிக் கம்பிக்கும் பாயக்கூடும். கம்பத்தின்மேல் நமக்காகவே ஏறி நிற்கும் மின்வாரியத் தொழிலாளி அதனால் மாண்டுபோவார். கருவியை நேரே பெட்டியில் செருகுவதன்றி வேறு வழி தேடலாகாது.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் உடையோர் இப்பெட்டிக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி அடங்கும். அதில் பாதியைச் செலவிட்டாலும் மேற்சொன்ன பெட்டியைப்போல் இரு மடங்கு. தகுந்த மின்பணியாளரைக் கொண்டு கூரையில் தகடும், இடையே சார்ஜ் கன்ட்ரோலரும் பொருத்திக்கொண்டால் போதும். புதிதாக வாங்குவோர், மின்கலம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைதானா என்று கேட்டு வாங்குக. அது சூட்டை நன்கு தாங்கும். ஈராயிரம் முறைக்கு மேலும் நிரப்பிப் பயன்படுத்தலாம்.

சூரியத் தகடு திருச்சபைக்கும் புதிதன்று. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரைமீது 2008-இலேயே ஏறத்தாழ 2,400 தகடுகள் பொருத்தப்பட்டன. அத்தனை பெரிய கூரை நம்மிடம் இல்லை. ஆனால் நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன. வீட்டுக்கொரு பெட்டி என்பது நம் மீனவர்க்கும் விவசாயக் கூலிகளுக்கும் இயலாத காரியம். ஓர் அன்பியத்திற்கு ஒன்று என்பது இயலும். உவமையில் வந்த எண்ணெயைப் பங்கிட முடியவில்லை. இப்பெட்டியையோ ஒரு கையால் தூக்கி அடுத்த வீட்டிற்குக் கொண்டு செல்லலாம். நிரம்பிய 500 வாட்-மணிப் பெட்டி 25 கைப்பேசிகளை ஒருமுறை நிரப்பும். குவைத்திலோ துபாயிலோ உள்ள மகனுக்கு, 'நாங்கள் நலம்' என்று ஒரு சொல் சொல்ல 25 வீடுகளுக்கு அது வழி செய்யும்.

பொதுப் பொருளாதலால் சச்சரவும் எழும். முதலில் நெபுலைசர் வேண்டிய வீடு, அடுத்துக் கைக்குழந்தையும் முதியோரும் உள்ள வீடு, பின்னர் கைப்பேசிகள் என்று வரிசையைப் புயலுக்கு முன்பே கூட்டத்தில் எழுதிவைத்தல் நலம். பெட்டி தகரக் கூரையின் சூட்டிலிராமல், ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ பாதியளவு நிரம்பிய நிலையில் இருக்கட்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பர் மாத அன்பியக் கூட்டத்தில் தகட்டையும் கம்பியையும் வெயிலில் விரித்து ஒருமுறை சோதித்துவிடுக.