பல உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளையோடு தோட்டத்துக்குத் திரும்பும்போது

மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் தங்கியிருந்த நாட்களில் பொதுச் சமையல்தான். பாலும் முட்டையும் கோதுமையும் சேராத பிள்ளைக்கு வெறும் சோறும் பருப்பும் கொடுத்துச் சமாளித்திருப்பீர்கள். இனி அடுப்பு உங்கள் கையில். ஆனால் முதல் சில வாரங்களுக்கு உலர் உணவுப் பொதியைத்தான் நம்பியிருக்க வேண்டும். கோதுமை மா, பால்மா, டின் மீன், சோயா, பிஸ்கட் என்று, சேராத சாமான்களே அதில் அதிகம் இருக்கலாம். பொதியை வாங்கும் இடத்திலேயே சொல்லி, பதிலுக்கு அரிசியோ பருப்போ கடலையோ கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷாவையும் கவனியுங்கள். அதில் சோளம், சோயா, பால்மா கலந்திருக்கிறது. பாலோ சோயாவோ சேராத பிள்ளைக்கு அது ஆகாது. அதை வீட்டில் சும்மா வைத்துவிடாமல், குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

ஒரு உணவை நிறுத்தினால் அதன் இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கிட்ட வயதுக்கேற்ற உயரம் இல்லை. முழு நாட்டுக்கும் இது 17 வீதம்தான். ஆகவே, கிரந்தி என்று பாட்டிமார் ஒதுக்கும் தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். எதைச் சாப்பிட்டு, எவ்வளவு நேரத்தில், என்ன வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

கோதுமை சேராவிட்டால் பாண், ரவை, நூடில்ஸ் எதுவும் கூடாது. குரக்கன் மா ரொட்டி, அரிசி மாப் புட்டு, நன்றாக அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுக்கலாம். அவருடைய ரொட்டியை, கழுவிய கல்லில் முதலில் சுட்டுவிடுங்கள். இறால் வடை பொரித்த எண்ணெயில் பருப்பு வடை பொரித்தாலும் இறால் சேராதவருக்கு அது ஆபத்துத்தான். சம்பலில் மாசி இருக்கிறதா என்றும் பாருங்கள். பசும்பால் சேராத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அதுவும் சேராது. கைக்குழந்தைக்குத் தேங்காய்ப்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது.

கொழுந்துக்குப் போகுமுன் பிள்ளைக் காம்பராவில் நேரில் சொல்லுங்கள். சேராத உணவுகளை எழுதியும் கொடுங்கள். பக்கத்து லயத்து அக்காமாருக்கும் தெரியட்டும். பிள்ளை கேட்டால் பிஸ்கட்டைக் கொடுப்பது அவர்கள் அன்பு. காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, பிள்ளை துவண்டாலோ பிரிட்டோன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசிதான் வேண்டும். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. வாகனம் வரும்வரை பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். லொறிப் பாதை வரை தூக்கிப்போக வேண்டிய லயமென்றால், யார் தூக்குவது, யாருடைய ஓட்டோ என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.